ஆத்தா கேட்ட தண்ணீர்

குலவை போடுவதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு நான் சொல்லப் போவதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லை.

எங்கள் ஊர் கமுதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மிளகாய்க் காடும் பருத்திக் காடும்தான். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். படிப்பில் வராத பேரெல்லாம் எனக்குக் குலவையில் வந்தது. கல்யாணமா, கூப்பிடு அவளை. சடங்கா, கூப்பிடு அவளை. புரட்டாசியில் அம்மன் கோவில் முளைப்பாரி எடுக்கும்போது வரிசையில் முதல் பாரி என் தலையில்தான் இருக்கும். நான் குலவை எடுத்தால்தான் பின்னால் வருகிற பெண்கள் எடுப்பார்கள். என் மாமியார் காலத்துக்குப் பிறகு அந்த இடம் எனக்கு என்று ஆகிவிட்டது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு கிடையாது.

நாலு பிள்ளை பெற்ற உடம்பு. வயசு அறுபதைத் தாண்டிய பிறகு, ஒரு சித்திரை வெயிலில், களத்தில் காய்ந்த மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தேன். குண்டு மிளகாயின் நெடி மூக்கில் ஏறியது. ஒரு தும்மல் போட்டேன். மேலே தும்மல் வந்தது. கீழே சிறுநீர் வந்தது. (எழுதிவிட்டேன். இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் பேனாவை எத்தனை தடவை மூடி வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.)

ஏதோ ஒரு நாள் கூத்து என்று விட்டேன். அடுத்த தும்மலுக்கும் வந்தது. பிறகு இருமலுக்கு வந்தது. பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றும்போது. பிறகு, பக்கத்து வீட்டுக்காரி தன் சம்பந்தியைப் பற்றிச் சொல்லும் கதையைக் கேட்டுச் சிரிக்கும்போது. கடைசியில் நான் சிரிப்பதையே குறைத்துக்கொண்டேன். ஊரில் எனக்குத் தலைக்கனம் கூடிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும், கீழே நடப்பதைப் பேசாதவரைக்கும் நல்லது என்று இருந்தேன்.

வேறு பெண்ணாக இருந்தால் மருமகளிடமாவது சொல்லியிருப்பாள். என் மருமகள் செல்வி தங்கமான பிள்ளைதான். ஆனால் அவள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, "பொம்பளைன்னா சுத்தபத்தமா இருக்கணும்த்தா. பக்கத்துல போனா மஞ்ச வாசம் அடிக்கணும்" என்று பாடம் நடத்திய மாமியார் நான். அதே வாயால் இதை எப்படிச் சொல்வது?

அதனால் எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். தும்மல் வருகிற மாதிரி இருந்தால் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றேன். (ஒரு தடவை அப்படிப் பின்னி, அவிழ்க்கத் தெரியாமல் ஆட்டுத் தொட்டிக்குள் விழுந்திருக்கிறேன்.) தொண்டியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போவதை அடியோடு நிறுத்தினேன். எங்கள் ஊர் பஸ் ஒவ்வொரு பள்ளமாக இறங்கி ஏறும். நானும் ஒவ்வொரு பள்ளத்துக்கும்... சரி, விடுங்கள்.

மகள் போனில் அழுதாள். "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? பேரனப் பாக்கக்கூட வர மாட்டேங்குற?"

மூட்டு வலி என்று சொன்னேன். உடனே மூட்டுத் தைலம் வாங்கிக் கொடுத்து விட்டாள். வாங்கியதை வீணாக்கக் கூடாதே என்று தேய்த்துக்கொண்டேன். அதன் நெடிக்கும் தும்மல் வந்தது.

இந்த லட்சணத்தில் புரட்டாசி வந்தது. புத்தியுள்ளவளாக இருந்தால் அந்த வருசம் முதல் பாரியை விட்டுக்கொடுத்திருப்பேன். வாங்கிக்கொள்ள ஆளும் இருந்தாள். முத்தம்மா. என் வீட்டுக்காரரின் தங்கை, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளும் குலவை போடுவாள். (குலவை என்று அவள்தான் சொல்லிக்கொள்வாள். கோழி விரட்டுகிற சத்தம் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன்.)

முளைப்பாரிக்கு விதை போடும் அன்று அவளே வந்தாள். "மதினி, ஒங்களுக்கு மூட்டு வலின்னு செல்வி சொன்னா. இந்த வருசம் வேணும்னா நான் முன்ன போறேன். நீங்க பின்னால மெதுவா வாங்க."

"என் மூட்டுக்கு ஒண்ணும் இல்லத்தா. பாரி தூக்குறது தலை. நீ போயி ஒன் தொண்டையப் பாத்துக்க" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப் போனது. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முளைப்பாரிக்கு எங்கள் பக்கம் மஞ்சள் சீலைதான் கட்ட வேண்டும். நனைந்தால் பட்டென்று காட்டிக் கொடுக்கிற நிறம் அது. அதனால் அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பார்த்துக்கொண்டேன். விரதம் என்று எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். உள்ளே வைக்கிற அந்த வேட்டித் துணி என்ன இருந்தாலும் அசுத்தப்பட்ட துணி, அதோடு அம்மன் முன்னால் போனால் குத்தம் ஆகிவிடும் என்று பயந்து அதைக் கொடியிலேயே போட்டுவிட்டுப் போனேன்.

கோவிலில் பாரியைத் தூக்குவதற்கு முன்னால் பூசாரி பானக்கம் கொடுத்தார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஒரு வாய் வைத்துக்கொண்டு கொடுத்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். காலையிலிருந்து காய்ந்து கிடந்த தொண்டை. வெல்லமும் சுக்கும் புளியும் உள்ளே இறங்கியதும் நான் என்னை மறந்தேன். செம்பைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, "இன்னொரு செம்பு ஊத்துங்க பூசாரி" என்றேன்.

பாரி ஒன்றும் பூக்கூடை இல்லை. மண்ணும் எருவும் போட்டு, முழ உயரத்துக்குப் பயிர் வளர்ந்து நிற்கிற பானை. அதைத் தலையில் ஏற்றிவிட்டால் ஊருணியில் போய்த்தான் இறக்க வேண்டும். நடுவில் ஓரமாக ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது. முன்னால் மேளம், பின்னால் நான், எனக்குப் பின்னால் முத்தம்மா, அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லாரும். பக்கத்தில் செல்வி துணைக்கு நடந்து வந்தாள். ஒவ்வொரு தெரு முக்கிலும் நின்று குலவை போட வேண்டும்.

முதல் முக்கில் தாங்கியது. இரண்டாவது முக்கில் சந்தேகமாக இருந்தது. மூன்றாவது, டீக்கடை முக்கு. ஊரில் பாதி ஆண்கள் அங்கேதான் நிற்பார்கள். அன்று வெளியூரிலிருந்து வந்த சனம் வேறு. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் படம் எடுத்தார்கள். எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைக்கனம் இன்னும் கொஞ்சம் ஏறியது. அடிவயிற்றை எக்கி, மூச்சை இழுத்து, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை எடுத்தேன் பாருங்கள், மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சரியாக அந்த நேரத்தில் எவனோ வெடியைக் கொளுத்திவிட்டான். டமார்!

குலவை நீளமாகப் போனது. அதோடு சேர்ந்து மற்றதும் நீளமாகப் போனது.

காலில் சூடாக இறங்கியதும் உடம்பெல்லாம் எனக்குச் சில்லிட்டுவிட்டது. கையை இறக்க முடியாது, தலையில் பாரி. குனிந்து பார்க்க முடியாது, தலையில் பாரி. பின்னால் முத்தம்மாவின் குரல் கேட்டது.

"மதினி, தரையெல்லாம் ஈரமா இருக்கே. ஒங்க பாரி ஒழுகுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முதல் பாரி ஒழுகினால் பானையில் கீறல் என்று அர்த்தம். பானையில் கீறல் என்றால் எடுத்தவள் விரதம் சுத்தமில்லை என்பார்கள். அப்புறம் ஆயுசுக்கும் முதல் பாரி முத்தம்மாவுக்குத்தான். பாரி ஒழுகவில்லை என்று சொன்னால், வேறு எது ஒழுகுகிறது என்ற கேள்வி வரும். சீலை பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் ஊரே பார்த்துவிடும். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நின்றேன். அது விழுங்குகிற மாதிரித் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. சாமி வந்தவர்கள் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றினால் எல்லாம் நனையும். எல்லாம் நனைந்தால் எது எதனால் நனைந்தது என்று யார் பார்ப்பார்கள்?

"ஆஆஆய்!" என்று கத்தினேன்.

எங்கள் வம்சத்தில் யாருக்கும் சாமி வந்தது கிடையாது. சாமியாடுகிற பெண்களை, வீட்டு வேலைக்குப் பயந்தவளுகள் என்று நானே கிண்டல் பண்ணுவேன். அதனால் எப்படி ஆடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நெல் புடைக்கிற மாதிரி இடுப்பை ஆட்டினேன்.

"அத்தைக்கு ஆத்தா வந்துருச்சு! பாரிய வாங்குங்க!" என்று செல்வி கத்திக்கொண்டே என் தலையில் இருந்த பாரியை வாங்கினாள். சனம் வட்டம் கட்டியது. எங்கள் ஊர்க் கோடாங்கி உடுக்கையோடு முன்னால் வந்து நின்றார். வந்த சாமியை விசாரிப்பது அவர் வேலை. இதை நான் மறந்தே போனேன்.

"தாயி, வந்திருக்கிறது யாரு? பேரச் சொல்லு" என்றார்.

"நான்தாண்டா!" என்றேன்.

"நான்தான்னா எப்பிடித் தாயி? ஊர்ல எத்தன சாமி இருக்கு. இன்னாருன்னு சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். "மாரிடா! மாரி வந்திருக்கேன்டா!"

"மாரி ஆத்தாளா! என்ன கொறை தாயி? என்ன வேணும் ஒனக்கு?"

"தண்ணி! தண்ணி ஊத்துடா!"

ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் வந்தது. அதை மரியாதையாக என் கால் விரலில் ஊற்றினார்கள். எனக்கு அழுகை வந்தது. "பத்தாது! தலையோட ஊத்துடா! கொடம் கொடமா ஊத்து!"

எங்கள் ஊரில் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கிறவர்கள் நாங்கள். சாமியே கேட்டாலும் குடம் தண்ணீர் என்றால் யோசிப்பார்கள். கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒங்க வீடுதான் பக்கத்துல இருக்கு, நீ கொண்டாடி."

"எங்க வீட்ல குடிக்கிற தண்ணிதான் இருக்கு. அவ வீட்ல தொட்டி நெறையா இருக்கு, அவள ஊத்தச் சொல்லு."

"ஏ, ஆத்தா நிக்கிறா! கணக்குப் பாக்குறீகளேடி, வெளங்குவீகளா?"

நான் பயத்தில் இன்னும் வேகமாக ஆடினேன். கடைசியில் டீக்கடைக்காரர்தான் மனசு இளகி, டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் குடத்தில் மோந்து கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தார். குளிர்ந்த தண்ணீர் உச்சியில் விழுந்ததும், பானக்கத்தில் மிச்சம் இருந்ததும் இறங்கிவிட்டது. அடுத்த குடம். அடுத்த குடம். சீலை முழுக்க நனைந்து, முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

தப்பவில்லை. கோடாங்கி உடுக்கையை ஓங்கி அடித்தார். "கேட்டுக்கங்க! ஆத்தா தண்ணி கேக்குறா! கம்மா வத்திக் கெடக்கு, ஊருணி வத்திக் கெடக்கு, நாம ஆத்தாளுக்குக் கால்ல தெளிச்சு ஏமாத்துறோம்! அவளுக்கு நாம ஊத்துனாத்தான் நமக்கு அவ ஊத்துவா!"

சனம் அப்படியே விழுந்தது. என் வீட்டுக்காரரும் விழுந்தார். கல்யாணமான நாள் முதல் என்னை "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்ட மனுசன், டீக்கடை முக்கில் என் காலில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். அதோடு விட்டாரா? என் காலடியில் ஓடின தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலையில் தெளித்துக்கொண்டார். அவரைப் பார்த்து எல்லாரும் தொட்டு ஒற்றினார்கள். பச்சைப் பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளை நெற்றியில் தடவினாள். அந்தத் தண்ணீரில் எது எது கலந்திருந்தது என்று எனக்கும் அம்மனுக்கும்தான் தெரியும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது. உயரத்தில் ஏற்றி வைத்து அவமானப்படுத்துவது என்றால் அதுதான்.

ஒரு நொடி கண்ணைத் திறந்தேன். முத்தம்மா தன் பாரியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, என் காலடியில் குனிந்து இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளியிருந்தாள். ஒற்றிக்கொள்ள இல்லை. தீர்த்தம் மாதிரி வாய்க்குக் கொண்டு போனாள்.

"குடிக்காதடி முத்தம்மா!"

அது மாரியின் குரல் இல்லை. என் சொந்தக் குரல். அடுப்பில் பால் பொங்குகிறபோது கத்துவேனே, அந்தக் குரல். முத்தம்மாவின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள்.

கோடாங்கி விடவில்லை. "கேட்டீகளா! மனுசர் குடிக்க வேணாம்ங்குறா! மொதல்ல மண்ணு குடிக்கட்டும்ங்குறா!"

முத்தம்மா கையை மெதுவாக விரித்துத் தண்ணீரை மண்ணில் விட்டாள். நான் பொத்தென்று விழுந்துவிட்டேன். அம்மன் மலையேறிவிட்டாள் என்று நெற்றியில் திருநீறு பூசினார்கள். அம்மன் எங்கே மலையேறினாள், நான்தான் மானம் கப்பலேறிப்போய்க் கிடந்தேன்.

மறுநாள் காய்ச்சல். படுக்கையில் கிடந்தவளிடம் திருநீறு வாங்க ஊர் சனம் வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அம்மனை வைத்து நாடகம் ஆடியவளுக்குக் கண் போகுமா, கை போகுமா என்று எண்ணி எண்ணி அழுதேன். இனி வாசல்படி தாண்டுவதில்லை, பாரி எடுப்பதில்லை, குலவை போடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

காய்ச்சல் விட்ட அன்றைக்கு முத்தம்மா வந்தாள். செல்வி காட்டுக்குப் போயிருந்தாள். முத்தம்மா கதவைச் சாத்தினாள்.

"மதினி, எத்தன நாளா இருக்கு?"

"எதுத்தா?"

"ஆத்தா வாறது."

"என்னடி பேச்சு இது? சாமி விசயத்துல போயி..."

"எங்கிட்ட நடிக்காதீக. நான் அள்ளயில வெதுவெதுன்னு இருந்துச்சு. டிரம்முத் தண்ணி எப்பிடி மதினி வெதுவெதுன்னு இருக்கும்?"

என் மாமியார் செத்ததற்குக்கூட நான் அப்படி அழுததில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். ஊரெல்லாம் சொல்லிவிடுவாள், சொல்லட்டும், அவளைப் பேசிய பேச்சுக்கு இதுவும் வேண்டும் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் இருக்கு மதினி."

"ஒனக்குமா?"

"நடுப் பய பொறந்ததுல இருந்து. அடிவயித்துல இருந்து குலவை எடுத்தா நிக்காது. அதான் தொண்டையோட நிப்பாட்டிக்கிறேன். நீங்க அத, கோழி வெரட்டுறான்னு ஊரெல்லாம் சொன்னீக."

அந்த இடத்தில் நான் பட்ட வெட்கம் டீக்கடை முக்கில் பட்டதைவிடப் பெரிது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள், "ஏன் மதினி, நான் குடிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீக?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. "சிரிக்க வைக்காதடி, நிக்காதுடி" என்று நான் சொல்ல, "எனக்கு மட்டும் நிக்குதாக்கும்" என்று அவள் சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் சீலை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

கண் பரிசோதனை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினோம். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. என் மகள் வயசுதான் இருக்கும்.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டார்.

"கண்ணு மங்கலா இருக்கு" என்றேன். (பழகின பொய் முந்திக்கொண்டது.)

முத்தம்மா என் இடுப்பில் கிள்ளினாள். "கண்ணு இல்ல டாக்டரம்மா. தும்முனா, இருமுனா, பாரம் தூக்குனா, எங்களுக்கு நீர் தரிக்க மாட்டேங்குது. இவுகளுக்குக் குலவை போட்டாலும் வருது."

என்னால் டாக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. எத்தனை பிள்ளை, எரிச்சல் உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டார். சிறுநீரும் ரத்தமும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். பிறகு மேசையில் படுக்கச் சொல்லி, திரையை இழுத்துவிட்டு, "இப்ப நல்லா இருமுங்கம்மா. கசியுதான்னு பாக்கணும்" என்றார்.

வேண்டாத இடத்திலெல்லாம் வருகிற இருமல், டாக்டர் கேட்டதும் வரவில்லை. க்கும், க்கும் என்று பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. "இன்னும் பலமா" என்றார் டாக்டர். திரைக்கு அந்தப் பக்கமிருந்து முத்தம்மா, "மதினி, குலவை போடுங்க" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போட்டேன்.

நான் குலவையைக் குறைத்துப் போட்டுப் பழகியவள் இல்லை. வெளியில் வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். "உள்ள யாருக்கோ பிள்ளை பொறந்துருச்சு போல" என்று யாரோ சொல்வது கேட்டது. நர்ஸ் ஒருத்தி பதறி ஓடிவந்து திரையை விலக்கினாள். நான் இருந்த கோலத்தை நர்ஸோடு சேர்த்து வாசலில் நின்ற இன்னும் நாலு பேரும் பார்த்தார்கள்.

"போதும்மா, போதும். கசியுறதப் பாத்துட்டேன்" என்றார் டாக்டர். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்தாலும் அடக்கிக்கொண்டார்.

எழுந்து உட்கார்ந்து, "என்ன பாவம் செஞ்சேனோ தெரியல டாக்டரம்மா" என்றேன்.

"பாவமெல்லாம் செய்யலம்மா. நாலு பிள்ளை பெத்தீங்க. பாரம் தூக்குனீங்க. மாதவிலக்கு நின்னுபோச்சு. மூத்திரப் பையத் தாங்குற தசை தளர்ந்து போச்சு. தும்முறப்ப, குலவை போடுறப்ப வயித்துல அழுத்தம் கூடுது, அந்தத் தசையால பிடிக்க முடியல. நிறையப் பேருக்கு இருக்கு, யாரும் வாயத் திறக்குறதில்ல. தளர்ந்த தசைக்குப் பயிற்சி கொடுத்தாப் பலம் வரும்."

பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். "நாலு பேர் நடுவுல உக்காந்திருக்கப்ப வாயு பிரியப் பாத்தா எப்படி இறுக்கிப் பிடிப்பீங்க? அந்த மாதிரி உள்ளுக்குள்ளயே மேல இழுத்துப் பிடிங்க. கொஞ்ச நேரம் வச்சிருந்து மெதுவா விடுங்க. மூச்சை அடக்கக் கூடாது. தொடைய இறுக்கக் கூடாது. காலை, மதியம், ராத்திரி செய்யுங்க. தும்மல் வருதுன்னு தெரிஞ்சா, தும்முறதுக்கு முந்தியே இறுக்கிக்கங்க."

"குலவைக்கு முந்தியும்?"

"குலவைக்கு முந்தியும்."

தண்ணீரைக் குறைத்ததற்குத்தான் திட்டு வாங்கினேன். தண்ணீர் குறைந்தால் நீர் கெட்டியாகி எரிச்சலும் கிருமியும்தான் வருமாம். டீயைக் குறைக்கச் சொன்னார், மலச்சிக்கல் வராமல் பார்க்கச் சொன்னார். சில மாதம் செய்தும் சரியாகவில்லை என்றால் ஆபரேஷன் உண்டு, அதை அப்போது பார்ப்போம் என்றார். முத்தம்மாவுக்குக் கர்ப்பப்பையும் கொஞ்சம் இறங்கியிருந்ததால், உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரே பெருமை. "ஒங்களுக்கு வெறும் பயிற்சி. எனக்கு வளையம், மதினி." இதிலும் என்னை முந்திவிட்டாளாம்.

பயிற்சியை யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். என் முகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஒரு நாள் டிவி பார்த்துக்கொண்டே செய்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தார். "செல்வி! திருநீறு கொண்டா! ஆத்தா வாறா!"

அன்றைக்குப் பொறுக்க முடியாமல் அவரிடமும் செல்வியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தும்மல், பானக்கம், டீக்கடை முக்கு, எல்லாம். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அத்த" என்று அழுதாள். அவர் மட்டும் அசையவே இல்லை.

"பொய் சொல்லாத. வந்தது ஆத்தாதான்."

"நான்தான் நடிச்சேன்னு சொல்றேன்ல?"

"ஒனக்கு என்ன தெரியும்? சாமி வந்தா மனுசருக்கு நெனவு இருக்காது. நீ அங்க இல்லவே இல்ல. நான் இருந்தேன், நான் பாத்தேன்."

கோடாங்கியிடம் உண்மையைச் சொன்னாலும் அவரும் இதையேதான் சொல்வார். போதாததற்கு அந்த ஐப்பசியில் மழை வேறு பெய்துவிட்டது. (ஐப்பசியில் மழை பெய்வது ஒரு அதிசயமா? யாரிடம் சொல்ல?) ஊர் கூடி முடிவு பண்ணிவிட்டார்கள். அன்றிலிருந்து வருசா வருசம் டீக்கடை முக்கில் முதல் பாரிக்காரியை நிறுத்தித் தலையோடு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, மண்தான் குடிக்க வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டது. இப்போதெல்லாம் பக்கத்து ஊர்க்காரர்களும் அதைப் பார்க்க வருகிறார்கள்.

மூன்று நாலு மாதத்தில் எனக்கு முக்கால்வாசி நின்றுவிட்டது. மிளகாய்க் களத்தில் அடுக்குத் தும்மல் வந்தால் இன்றைக்கும் ஒரு சொட்டு உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். தொண்டி பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில் யார் தும்மினாலும் செல்வி அடுப்படியிலிருந்து, "இன்னொரு கொடம்!" என்று கத்துகிறாள். மகளும் பழகிக்கொண்டாள். போனில் நான் இருமினால்கூட, "இன்னொரு கொடமாம்மா?" என்கிறாள். என் வீட்டுக்காரர் மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை. சாமியைக் கேலி பண்ணாதீர்கள் என்று அதட்டுகிறார். என்னை "ஏய்" என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். நானோ இன்றுவரை அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பாதத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

போன புரட்டாசியில் முத்தம்மாவை முன்னால் விட்டு நான் அவளுக்குப் பின்னால் பாரி எடுத்தேன். டீக்கடை முக்கில் அவள் தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது என் முழங்கையை யாரோ இழுத்தார்கள். மேலத் தெருப் பொன்னம்மா. என்னைவிடக் கொஞ்சம் இளையவள், யாரிடமும் அதிகம் பேசாதவள். முகமெல்லாம் வேர்த்து, ஒரு காலோடு இன்னொரு காலைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்கும் ஆத்தா வாற மாதிரி இருக்கு."

நான் அவள் காலைப் பார்த்தேன். அப்புறம் குடம் வைத்திருந்த பெண்களைப் பார்த்து, "இந்தா, இவளுக்கும் தலையோட ஊத்துங்கடி. சீக்கிரம்!" என்று சத்தம் போட்டேன். அவள் நனைந்து நிற்கும்போது காதோரம் குனிந்து சொன்னேன்.

"திங்கக்கெழம காலையில பஸ் ஸ்டாப்புக்கு வந்துரு. வீட்ல கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்லு."